கூலி கொடுக்காத ராஜா: யோயாக்கீம் வழக்கை முழுதாகப் பார்ப்போம்

அநியாயம் செய்கிற ஆட்சியாளர்களைக் கடவுள் ஏன் இத்தனை காலம் விட்டுவைக்கிறார் என்று வேதபாட வகுப்பில் யாராவது கேட்டால், பெரும்பாலும் பார்வோன் கதையும் ஏரோது கதையும்தான் பதிலாக வரும். கடல் மூடிக்கொண்டது, புழு அரித்தது, முடிந்தது. கேட்டவர் தலையாட்டிவிட்டுப் போவார், ஆனால் கேள்வி அப்படியே அவரிடம் இருக்கும், ஏனென்றால் நாம் தினமும் பார்க்கிற அநியாயக்காரர்கள் யாரும் அப்படிப் பட்டென்று விழுவதில்லை. எனக்குத் தெரிந்து இந்தக் கேள்விக்கு நேர்மையாக முகம் கொடுக்கிற இடம் யோயாக்கீம் ராஜாவின் வழக்குதான். கி.மு. 609 முதல் 598 வரை 11 வருஷம் யூதாவை ஆண்டவன். குற்றச்சாட்டு என்ன, யார் சொன்னார்கள், யார் தடுத்தார்கள், தீர்ப்பு எந்த வழியாக வந்தது, நடுவில் மாட்டிக்கொண்ட நல்லவர்கள் என்ன ஆனார்கள் என்று எல்லாம் எரேமியா தீர்க்கதரிசியின் புத்தகத்தில் பெயரோடும் வருஷத்தோடும் இருக்கிறது. பாபிலோனியர் எழுதிவைத்த களிமண் பலகைகளும் எருசலேமில் தோண்டி எடுத்த முத்திரைகளும்கூடப் பக்கத்துணையாக நிற்கின்றன.

பதவி வந்த விதம்

கி.மு. 609-ல் யோசியா ராஜா மெகிதோவில் எகிப்தின் பார்வோன் நேகோவால் கொல்லப்பட்டார். ஜனங்கள் அவருடைய மகன் யோவாகாசை ராஜாவாக்கினார்கள். மூன்றே மாதம்தான், நேகோ அவனைப் பிடித்து எகிப்துக்கு அனுப்பிவிட்டு, யோசியாவின் இன்னொரு மகனும் யோவாகாசுக்கு மூத்தவனுமான எலியாக்கீமை உட்காரவைத்து, அவன் பெயரையும் யோயாக்கீம் என்று மாற்றினான். ஆக, இவன் அந்நியன் தயவில் வந்த ராஜா, பெயர்கூட அவன் வைத்ததுதான். அதற்கு விலையாக 100 தாலந்து வெள்ளியும் ஒரு தாலந்து பொன்னும் எகிப்துக்குக் கட்டவேண்டியிருந்தது. ஒரு தாலந்து ஏறக்குறைய 34 கிலோ என்று வைத்துக்கொண்டால், வெள்ளி மட்டும் மூன்று டன்னுக்கு மேல். அந்தப் பணத்தை யோயாக்கீம் தன் கஜானாவிலிருந்து கொடுக்கவில்லை. தேசத்தை மதிப்பிட்டு, தலைக்கு இவ்வளவு என்று வரி போட்டு ஜனங்களிடம் வசூலித்தான் என்று இரண்டாம் ராஜாக்கள் புத்தகம் சொல்கிறது.

சரி, இதுவரைக்கும் பாவம், வேறு வழியில்லாத ஒரு சிற்றரசன் என்று சொல்லலாம். ஆனால் அதே சமயத்தில் அவன் வீடு கட்ட ஆரம்பித்தான்.

குற்றச்சாட்டு

எரேமியா 22-ஆம் அதிகாரத்தை ஒரு குற்றப்பத்திரிகையாக வாசித்துப் பாருங்கள். விசாலமான வீடு, காற்றோட்டமான மேலறைகள், பெரிய ஜன்னல்கள், சுவருக்குக் கேதுரு பலகை, அதன்மேல் சிவப்புச் சாயம். கேதுரு யூதாவில் வளர்கிற மரமல்ல, லீபனோனிலிருந்து வரவேண்டும், அதற்குக் காசு வேண்டும். அந்தக் காசை அவன் எங்கே மிச்சம் பிடித்தான் என்பதையும் எரேமியா சொல்லிவிடுகிறார்: வேலை செய்தவர்களுக்குக் கூலி கொடுக்கவில்லை.

இந்த இடத்தில் நான் கொஞ்சம் நிற்க விரும்புகிறேன். தீர்க்கதரிசி ஒரு ராஜாவைக் கண்டிக்கிறார் என்றால் விக்கிரக ஆராதனைதான் முதல் வரியில் இருக்கும் என்று எதிர்பார்ப்போம். யோயாக்கீமை நேரடியாகக் குறிவைக்கிற இந்தப் பகுதியில் முதல் வரி தச்சனுக்கும் கொத்தனுக்கும் போகவேண்டிய கூலி. கூலிக்காரனுக்கு அன்றன்றைக்கே, பொழுது சாய்வதற்கு முன்னே கொடுத்துவிட வேண்டும், அவன் அதையே நம்பியிருக்கிறான், அவன் உன்னைக் குறித்துக் கர்த்தரை நோக்கிக் கூப்பிட்டால் அது உன்மேல் பாவமாகும் என்று உபாகமம் 24-ல் சட்டம் இருந்தது. அரசன் அதை மீறினால் கேட்க யாருமில்லை. எரேமியா கேட்டார்.

அப்புறம் அவனுடைய அப்பாவோடு ஒப்பிடுகிறார். உன் அப்பாவும் சாப்பிட்டான், குடித்தான், ராஜாவாகத்தான் வாழ்ந்தான், ஆனால் நியாயம் செய்தான், ஏழை எளியவனுடைய வழக்கை விசாரித்தான், என்னை அறிகிறது என்றால் அதுதானே என்று கர்த்தர் கேட்பதாக எழுதுகிறார். கேதுரு மரத்தில் போட்டி போட்டால் நீ ராஜாவாகிவிடுவாயா என்றும் கேட்கிறார். யோசியாவின் காலத்தில் தேவாலயப் பழுதுபார்ப்பு நடந்ததை இதோடு சேர்த்துப் பார்க்கவேண்டும். அப்போது தச்சருக்கும் சிற்பாசாரிகளுக்கும் கொத்தருக்கும் கொடுக்கவேண்டிய பணத்தை, கணக்குக்கூடக் கேட்காமல், அவர்கள் உண்மையாய் நடக்கிறவர்கள் என்று நம்பிக் கொடுத்தார்கள். அந்தப் பண விஷயமாக ராஜா அனுப்பியவர் சம்பிரதியாகிய, அதாவது அரண்மனை எழுத்தராகிய சாப்பான். அந்த வேலைக்குப் போன இடத்தில்தான், கி.மு. 622-ல், பிரதான ஆசாரியன் இல்க்கியா ஒரு நியாயப்பிரமாணச் சுருளை எடுத்து அவர் கையில் கொடுத்தார். அது உபாகமம் அல்லது அதன் ஒரு பகுதி என்பது பெரும்பாலான ஆய்வாளர்களின் கருத்து. சாப்பான் அதை வாசிக்க, யோசியா கேட்டுத் தன் உடையைக் கிழித்துக்கொண்டார். தொழிலாளிக்கு ஒழுங்காகக் காசு போய்ச்சேர்ந்த ஒரு கட்டட வேலையின் நடுவிலே கிடைத்த சுருள் அது. மகன் கேட்ட சுருளுக்கு என்ன நடந்தது என்பதற்கு வருகிறேன், அதற்கு முன்னே ஒரு கொலை இருக்கிறது.

உரியா

யோயாக்கீம் ஆட்சிக்கு வந்த ஆரம்பத்திலேயே எரேமியா ஆலயப் பிராகாரத்தில் நின்று, இந்த ஆலயம், முன்னொரு காலத்தில் ஆராதனை இடமாக இருந்து பாழாய்ப்போன சீலோவைப்போல் ஆகும் என்றார். ஆசாரியர்களும் தீர்க்கதரிசிகளும் அவரைப் பிடித்துக்கொண்டு, நீ சாகவே வேண்டும் என்றார்கள். அரண்மனையிலிருந்து பிரபுக்கள் வந்து புதிய வாசலில் உட்கார்ந்து விசாரித்தார்கள். அப்போது தேசத்து மூப்பர் சிலர் எழுந்து ஒரு முன்னுதாரணம் காட்டினார்கள்: நூறு வருஷத்துக்கு முன்னே எசேக்கியாவின் நாட்களில் மொரேசா ஊர் மீகா, சீயோன் வயலைப்போல் உழப்படும் என்று இதையேதான் சொன்னார், எசேக்கியா அவரைக் கொன்றானா? இந்த வாதத்தில் எரேமியா தப்பினார், சாப்பானின் மகன் அகீக்காம் அவருக்குத் துணையாக நின்றதால் ஜனங்களின் கையில் விழாமலும் தப்பினார்.

ஆனால் அதே செய்தியைச் சொன்ன இன்னொருவர் தப்பவில்லை. கீரியாத்யாரீம் ஊர் உரியா. ராஜா கொல்லத் தேடுகிறான் என்று தெரிந்து எகிப்துக்கு ஓடினார். அங்கிருந்து அவரைப் பிடித்துவர அக்போரின் மகன் எல்நாத்தான் தலைமையில் ஆள் போனது. எகிப்து யோயாக்கீமின் எஜமான் நாடு, திருப்பிக் கொண்டுவருவதில் சிக்கல் இருக்கவில்லை. பட்டயத்தால் வெட்டி, உடலைப் பொதுஜனங்களின் பிரேதக்குழிகளில் எறிந்தார்கள்.

ஒரே செய்தி, ஒரே ராஜா, ஒருவர் தப்பினார், ஒருவர் செத்தார். உரியாவுக்கு விசுவாசம் குறைவு என்று வேதாகமம் எங்கும் சொல்லவில்லை. விசுவாசமாய் இருந்தால் ஒன்றும் ஆகாது என்று மேடையில் பேசுகிறவர்கள் இந்த நாலு வசனத்தை ஒருமுறை சத்தமாக வாசிக்கவேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். நம்பிக்கை என்று ஒன்றைப் பேசினால் அது உரியாவின் குழிக்குப் பக்கத்தில் நின்றும் பேசக்கூடியதாக இருக்கவேண்டும்.

சுருள்

கி.மு. 605-ல் கர்கேமிசில் பாபிலோன் எகிப்தை உடைத்தது. யோயாக்கீமின் எஜமான் தோற்றான். அந்த வருஷம் எரேமியா சொல்லச் சொல்ல, நேரியாவின் மகன் பாரூக் மையினால் ஒரு சுருளில் எழுதினார். அடுத்த வருஷம், ஒன்பதாம் மாதம், எருசலேமில் உபவாசம் கூறப்பட்டது. பாபிலோனிய வருடக்குறிப்புப் பலகையைப் பார்த்தால், பாபிலோன் ராஜா நேபுகாத்நேச்சாரின் முதல் வருஷம், அதே ஒன்பதாம் மாதமான கிஸ்லேவில், அவன் அஸ்கலோனைப் பிடித்து மண்மேடாக்கினான் என்று இருக்கிறது. அஸ்கலோன் எருசலேமிலிருந்து இரண்டு மூன்று நாள் நடைதூரம். ஜனங்கள் ஏன் உபவாசம் இருந்தார்கள் என்று இப்போது புரியும்.

அன்றைக்கு எரேமியா ஆலயத்துக்குப் போக முடியாமல் தடுக்கப்பட்டிருந்ததால் பாரூக் போய் ஆலயத்தில் வாசித்தார். எந்த அறையில் என்றால், சாப்பானின் மகன் கெமரியாவின் அறையில். கேட்டவர்களில் கெமரியாவின் மகன் மிகாயா ஒருவர். அவர் அரண்மனைக்கு ஓடிப்போய்ப் பிரபுக்களிடம் சொல்ல, அவர்கள் பாரூக்கை வரவழைத்து, உட்காரவைத்து, வாசிக்கச் சொல்லிக் கேட்டார்கள். பயந்து ஒருவரையொருவர் பார்த்தார்கள். ராஜாவுக்குச் சொல்லாமல் இருக்க முடியாது, சொன்னால் என்ன நடக்கும் என்றும் தெரியும். ஆகவே முதலில் பாரூக்கிடம், நீயும் எரேமியாவும் போய் ஒளிந்துகொள்ளுங்கள், எங்கே என்று ஒருவருக்கும் தெரியவேண்டாம் என்றார்கள். சுருளைச் சம்பிரதி எலிசாமாவின் அறையில் வைத்துவிட்டுத்தான் ராஜாவிடம் போனார்கள். அரசாங்க அதிகாரிகள் சட்டப்படி தங்கள் கடமையையும் செய்து, ஒரு நிரபராதியையும் காப்பாற்றிய நேர்த்தியான வேலை அது.

குளிர்காலம். ராஜா தன் குளிர்கால வீட்டில் இருந்தான், முன்னால் கணப்பு எரிந்துகொண்டிருந்தது. அவன் அனுப்பிய யெகுதி என்பவர் சுருளைக் கொண்டுவந்து வாசித்தார். மூன்று நாலு பத்தி வாசித்ததும் ராஜா சூரிக்கத்தியால் அந்தப் பகுதியை அறுத்து நெருப்பில் போட்டான். அப்புறம் அடுத்த மூன்று நாலு பத்தி, மறுபடி கத்தி, மறுபடி நெருப்பு. சுருள் தீரும்வரை இப்படியே. ஒரே வீச்சில் கோபத்தில் தூக்கி எறிந்திருந்தால்கூட அது வேறு. இவன் ஒவ்வொரு பகுதியையும் கேட்டுவிட்டு, பொறுமையாக அறுத்து எரித்திருக்கிறான். பயப்படவும் இல்லை, உடையைக் கிழித்துக்கொள்ளவும் இல்லை என்று எழுதியவர் சேர்க்கும்போது, பதினெட்டு வருஷத்துக்கு முன்னே இவன் அப்பா என்ன செய்தார் என்பது வாசிக்கிறவனுக்கு ஞாபகம் வரவேண்டும் என்றுதான் சேர்க்கிறார்.

வேண்டாம், எரிக்காதீர்கள் என்று மூன்று பேர் கெஞ்சினார்கள்: கெமரியா, தெலாயா, எல்நாத்தான். ஆமாம், உரியாவைப் பிடித்துவந்த அதே அக்போரின் மகன் எல்நாத்தான். இடையில் அவருக்குள் என்ன நடந்தது என்று புத்தகம் சொல்வதில்லை. ஆனால் ஒரு தீர்க்கதரிசியைச் சாவுக்கு இழுத்துவந்த கை, சில வருஷம் கழித்து இன்னொரு தீர்க்கதரிசியின் எழுத்துக்காக ராஜாவின் முன்னே நீண்டது. அது பலிக்கவில்லை என்பது வேறு விஷயம். அதிகாரத்தின் பக்கத்தில் உட்கார்ந்து ஒருதடவை தப்பு செய்தவன் கடைசிவரை அதே தப்பையே செய்துகொண்டிருக்கவேண்டிய கட்டாயமில்லை என்று எனக்கு எல்நாத்தான்தான் காட்டுகிறார்.

கெமரியாவைப் பற்றி இன்னொன்று. 1982-ல் எருசலேமின் தாவீதின் நகரம் பகுதியில் யிகால் ஷிலோவின் குழு தோண்டியபோது, ஒரே வீட்டில் ஐம்பதுக்கும் மேற்பட்ட களிமண் முத்திரைகள் கிடைத்தன. ஆவணத்தைச் சுருட்டிக் கட்டி, முடிச்சின்மேல் ஈரக் களிமண்ணை ஒட்டி, முத்திரையை அழுத்துவார்களே, அந்தக் களிமண் வில்லைகள். விரல்நுனி அளவுதான் இருக்கும். அதில் ஒன்றில் "சாப்பானின் மகன் கெமரியாவுக்குரியது" என்று எழுதியிருக்கிறது. கி.மு. 586-ல் பாபிலோனியர் நகரத்தை எரித்தபோது சுருள்கள் எல்லாம் சாம்பலாகின, களிமண் மட்டும் வெந்து கெட்டியாகி 2,500 வருஷம் தாங்கியது. பாரூக்கின் முத்திரை என்று சொல்லி இணையத்தில் சுற்றுகிற படங்கள் தொல்பொருள் சந்தை வழியாக வந்தவை, போலி என்பதுதான் இன்று பல நிபுணர்களின் முடிவு, ஆகவே அதைப் பகிரவேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். கெமரியாவுடையது மண்ணிலிருந்து முறைப்படி எடுத்தது.

சுருள் எரிந்த பிறகு எரேமியா இன்னொரு சுருளை எடுத்தார், பாரூக் மறுபடி எழுதினார். எரிந்த வார்த்தைகள் எல்லாம் வந்தன, இன்னும் அநேகம் கூடவே சேர்ந்தன.

தீர்ப்பு எந்த வழியாக வந்தது

வானத்திலிருந்து எதுவும் விழவில்லை. எரித்த அன்றைக்கும் விழவில்லை, அதற்குப் பிறகு ஆறு வருஷம் அவன் ராஜாவாகவே இருந்தான். பாபிலோனுக்கு மூன்று வருஷம் கீழ்ப்பட்டிருந்தான். கி.மு. 601-ல் நேபுகாத்நேச்சார் எகிப்தோடு மோதி, இரண்டு பக்கமும் பலத்த சேதம் என்று அவனுடைய சொந்தப் பலகையே ஒப்புக்கொள்கிறது. அடுத்த வருஷம் முழுக்க அவன் ஊரைவிட்டு வெளியே போகாமல் ரதங்களையும் குதிரைகளையும் சேர்த்துக்கொண்டிருந்தான். பாபிலோன் களைத்துவிட்டது என்று யோயாக்கீம் கணக்குப் போட்டுக் கலகம் பண்ணினான். இதைத்தான் எரிந்துபோன சுருள் சொல்லியிருந்தது, பாபிலோன் ராஜா நிச்சயமாக வருவான் என்று. எச்சரிக்கையை எரித்தவன் எச்சரிக்கப்பட்ட குழியிலேயே தன் காலால் நடந்துபோய் விழுந்தான். கடவுளுடைய நியாயத்தீர்ப்பு பெரும்பாலும் இப்படித்தான் வருகிறது என்று நான் நம்புகிறேன். அநியாயக்காரன் தன்னைச் சுற்றி உண்மை பேசுகிறவர்களை ஒவ்வொருவராக ஒழிக்கிறான், பிறகு அவன் எடுக்கிற முடிவுகளே அவனைத் தின்கின்றன.

கி.மு. 598 கிஸ்லேவில் பாபிலோன் படை புறப்பட்டது. ஏறக்குறைய அதே நேரத்தில் யோயாக்கீம் செத்தான். அவன் சாவைப் பற்றிய குறிப்புகள் ஒன்றோடொன்று ஒட்டுவதில்லை, அதை மறைப்பதில் அர்த்தமில்லை. ராஜாக்கள் புத்தகம் தன் பிதாக்களோடே நித்திரையடைந்தான் என்கிறது. நாளாகமம் வெண்கலச் சங்கிலியால் கட்டப்பட்டதைச் சொல்கிறது. எரேமியா, கழுதையைப் புதைக்கிறதுபோல் எருசலேம் வாசலுக்கு வெளியே இழுத்துப் போடப்படுவான் என்று முன்னறிவித்திருந்தார். நான் கவனிக்கிறது ஒன்றை மட்டும்: எந்த ராஜா எங்கே அடக்கம்பண்ணப்பட்டான் என்று வழக்கமாக எழுதுகிற ராஜாக்கள் புத்தகம் இவனுக்கு அந்த வரியை எழுதவில்லை.

அவனுக்குப் பிறகு 18 வயது மகன் யோயாக்கீன் மூன்று மாதம் உட்கார்ந்தான். கி.மு. 597 ஆதார் மாதம் 2-ஆம் தேதி, நம் கணக்கில் மார்ச் 16, நகரம் விழுந்தது. தேதியைப் பாபிலோன் பலகையே தருகிறது. யோயாக்கீனைச் சிறைப்பிடித்தார்கள். பாபிலோனில் கிடைத்த அரண்மனை உணவுப்படிக் கணக்குகளில் யூதாவின் ராஜா யோயாக்கீனுக்கும் அவன் ஐந்து மகன்களுக்கும் இவ்வளவு எண்ணெய் என்று அளந்து எழுதியிருக்கிறது. அப்பாவின் கடனுக்கு மகன் அந்நியன் அளந்துபோட்ட படியில் வாழ்ந்தான்.

தச்சர்கள் எங்கே போனார்கள்

இந்த வழக்கில் என்னைத் தூங்கவிடாத பகுதி இதுதான். நாடுகடத்தப்பட்டவர்களின் கணக்கைப் பாருங்கள். பிரபுக்கள், போர்வீரர்கள், அப்புறம் தச்சர் கொல்லர் எல்லாரும். இரண்டாம் ராஜாக்கள் 24-லும் இருக்கிறது, எரேமியா 24-லும் 29-லும் அதே வார்த்தை திரும்பத் திரும்ப வருகிறது. கூலி இல்லாமல் வேலை வாங்கப்பட்ட அந்தத் தொழிலாளர் கூட்டத்தைத்தான், கை வேலை தெரிந்தவர்கள் என்பதற்காகவே, பாபிலோன் அள்ளிக்கொண்டு போனது. ராஜா செய்த குற்றத்துக்கு வந்த தண்டனையில் அவனால் ஏமாற்றப்பட்டவர்களும் சேர்ந்தே அடிபட்டார்கள். தலைவன்மேல் வருகிற தீர்ப்பு அவனைத் தனியாகப் பொறுக்கி எடுத்து அடிப்பதில்லை. இதைச் சொல்லாமல் நியாயத்தீர்ப்பைப் பற்றிப் பிரசங்கம் செய்வது ஏழைக்குச் செய்கிற இரண்டாவது அநியாயம்.

ஆனால் எரேமியா அவர்களை அங்கே விட்டுவிடவில்லை. எருசலேமில் மிஞ்சினவர்கள், நாம் தப்பித்தோம், போனவர்கள்தான் பாவிகள் என்று நினைத்துக்கொண்டிருந்தபோது, இரண்டு கூடை அத்திப்பழத்தைக் காட்டி, நல்ல கூடை சிறைப்பட்டுப் போனவர்கள்தான் என்றார். அப்புறம் பாபிலோனுக்கு ஒரு கடிதம் எழுதினார். அதை எடுத்துப்போனவர்களில் ஒருவர் எலெயாசா, அவரும் சாப்பானின் மகன். அந்த ஒரே குடும்பம் மூன்று தலைமுறையாக ஒவ்வொரு நெருக்கடியிலும் சரியான இடத்தில் வந்து நிற்கிறது. கடிதத்தின் முதல் கட்டளை: வீடுகளைக் கட்டி அவைகளில் குடியிருங்கள், தோட்டம் போட்டு அதன் பழத்தைச் சாப்பிடுங்கள். ராஜாவுக்கு மேலறை கட்டிக் கொடுத்துவிட்டு வெறுங்கையோடு திரும்பிய ஒரு தச்சன் இதைக் கேட்டால் எப்படிக் கேட்டிருப்பான் என்று யோசித்துப் பாருங்கள். கட்டுகிறவனே குடியிருக்கலாம், நட்டவனே சாப்பிடலாம்.

அதே கடிதம் 70 வருஷம் என்றும் சொன்னது. அனனியா என்கிற தீர்க்கதரிசி இரண்டே வருஷத்தில் எல்லாம் திரும்பிவிடும் என்று எருசலேமில் சொல்லிக்கொண்டிருந்தான், கூட்டத்துக்கு அது இனித்திருக்கும். எரேமியா சொன்ன கணக்கில், கடிதம் கேட்டவர்களில் பெரும்பாலோர் அந்நிய மண்ணிலேயே சாவார்கள். ஆனாலும் கட்டுங்கள், பிள்ளை பெறுங்கள், அந்த ஊரின் சமாதானத்துக்காக ஜெபம்பண்ணுங்கள் என்றார். மேய்ச்சலின் ஆடுகளைச் சிதறடித்த மேய்ப்பர்களுக்கு ஐயோ என்று 23-ஆம் அதிகாரத்தில் சொல்லிவிட்டு, தாவீதுக்கு ஒரு நீதியுள்ள கிளையை எழுப்புவேன், அவர் பூமியில் நியாயமும் நீதியும் செய்வார் என்ற வாக்கையும் அவர் வைத்தார். யோயாக்கீம் எதைச் செய்யவில்லையோ அதையே செய்கிற ஒரு ராஜா. கிறிஸ்தவர்களாகிய நாம் அதை இயேசுவில் பார்க்கிறோம்.

கி.மு. 538-ல் பெர்சிய ராஜா கோரேசு, போகலாம் என்று கட்டளையிட்டான். திரும்பி வந்தவர்களுக்குத் தலைமை தாங்கிய செருபாபேல் யோயாக்கீனின் பேரன், அதாவது யோயாக்கீமின் கொள்ளுப்பேரன். சிங்காசனம் அவருக்குக் கிடைக்கவில்லை, பெர்சியாவின் கீழ் அதிபதியாக மட்டுமே இருந்தார். ஆலயத்தைத் திரும்பக் கட்டத் தொடங்கியபோது மறுபடி லீபனோனிலிருந்து கேதுரு மரம் வரவேண்டியிருந்தது, கடல்வழியாக யோப்பாவுக்கு. மரம் கொண்டுவந்த சீதோனியருக்கும் தீரியருக்கும் உணவும் பானமும் எண்ணெயும் கொடுத்தார்கள், கல்தச்சருக்கும் தச்சருக்கும் பணம் கொடுத்தார்கள் என்று எஸ்றா 3-ஆம் அதிகாரம் ஏழாம் வசனம் பதிவுசெய்கிறது.